குறி மாற்றுவதா, இருபுறமும் கழிப்பதா? படிவம் 1 சமன்பாட்டுக்கான வழிகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், அங்கே முதலாண்டான படிவம் 1இல் ஒரு மாறி கொண்ட நேரியல் சமன்பாட்டைக் கற்கிறார்கள். முயன்று பார்த்தல், பின்னோக்கிச் செல்லல், சமத்தன்மையைக் காத்தல் என்னும் மூன்று வழிகள் பாடத்திட்டத்தில் உள்ளன. டியூஷன் வகுப்புகளிலோ, ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்னும் குறுக்குவழிதான் அதிகம் புழங்குகிறது.

ஒரு வேன்காரர் அடிப்படைக் கட்டணமாக 20 ரிங்கிட்டும் கிலோமீட்டருக்கு 4 ரிங்கிட்டும் கேட்கிறார்; மற்றவர் 44 ரிங்கிட்டும் கிலோமீட்டருக்கு 2 ரிங்கிட்டும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவர் வாடகையும் சமமாகும் தொலைவை ‘த’ என்றால், 4த + 20 = 2த + 44.

முயன்று பார்த்தால், 10 கிலோமீட்டருக்கு 60, 64 என்றும், 11க்கு 64, 66 என்றும் வந்து, 12இல் இரண்டும் 68 ஆகின்றன. சமன்பாடு எதைக் கேட்கிறது என்பதைப் பிள்ளை இதில் கண்ணால் காண்கிறது; ஆனால் 3த = 10 என்றால் இவ்வழி திணறிவிடும். பின்னோக்கிச் செல்லல், அதாவது 68இலிருந்து தலைகீழாக 20ஐக் கழித்து 4ஆல் வகுப்பது, 4த + 20 = 68 போன்றவற்றுக்கு அழகாகப் பொருந்தும்; இங்கே மாறி இருபுறமும் இருப்பதால் எங்கிருந்து பின்வாங்குவது என்றே தெரியாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். சமத்தன்மை முறையில் இருபுறமும் 2த கழித்து, பிறகு 20 கழித்து, 2ஆல் வகுத்தால் 12 கிடைக்கிறது. குறுக்குவழியோ 4த − 2த = 44 − 20 என ஒரே வரியில் பாதி வேலையை முடித்துவிடுகிறது. இது மட்டமான வழி அன்று. கி.பி. 499 வாக்கில் ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயம் என்னும் கணித, வானியல் நூலிலேயே, இருவரின் மொத்தச் செல்வம் சமமாக இருக்கும்போது பண வேறுபாட்டைப் பொருள்களின் எண்ணிக்கை வேறுபாட்டால் வகுக்கச் சொல்லும் விதி இருக்கிறது; நம் கணக்கில் 44 − 20ஐ 4 − 2ஆல் வகுப்பதும் அதுதான்.

சிக்கல், காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்வதில்தான் தொடங்குகிறது. 3த = 12 என்பதில் 3ஐ அந்தப் பக்கம் அனுப்பி 12 − 3 = 9 என்று எழுதுவதும், −3த = 12 என்பதில் குறியை மாற்றி 4 என்று எழுதுவதும் இதனால்தான்; இருபுறமும் −3ஆல் வகுக்கிறோம் என்று எழுதிப் பழகிய பிள்ளை, −4 என்னும் சரியான விடைக்கு வந்துவிடும்.

ஆகவே, ‘இருபுறமும் என்ன செய்தாய்?’ என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும்வரை, வரி கூடினாலும் சமத்தன்மை முறையிலேயே எழுதச் சொல்வது நல்லது. அதன்பின் குறுக்குவழியைத் தாராளமாக அனுமதிக்கலாம்.