முள்ளு கத்தரிக்குக் கூட்டம் சேர்க்க எது நல்லது? ரீல்ஸா, வாட்ஸ்அப்பா, முகநூல் குழுவா?

வேலூர் முள்ளு கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, அதை மாடியிலும் கொல்லையிலும் வளர்க்க ஆசைப்படுகிறவர்களை ஒன்று சேர்க்கலாம் என்று நானும் இரண்டு நண்பர்களும் இறங்கினோம். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், முகநூல் என்று மூன்றிலும் ஓட்டிப் பார்த்தாயிற்று. கூட்டம் மூன்றிலும் சேருகிறது. சேருகிற ஆட்கள்தான் வேறு வேறு.

வேகம் வேண்டுமென்றால் ரீல்ஸ். நம்மைப் பின்தொடராதவர்களுக்கும் இன்ஸ்டாகிராமே கொண்டுபோய்க் காட்டும். காம்பில் இருக்கிற முள் விரலில் குத்தி நான் கையை உதறுகிற பத்து நொடி வீடியோதான் எங்களுக்கு அதிகம் ஓடியது. "ஆம்பூர் பிரியாணிக்கு இதுதான் ஜோடி" என்று கமெண்ட் குவிந்தது. ஆனால் அதில் விதை கேட்டு வந்தவர்கள் சிலர்தான். அடுத்த வீடியோ போடாமல் ஒரு வாரம் விட்டால் எல்லாம் அடங்கிவிடுகிறது.

வாட்ஸ்அப் குழுவில் நெருக்கம் அதிகம். போட்ட உடனே பார்க்கிறார்கள், பதிலும் உடனே வருகிறது. ஆனால் 1024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், சேர்ந்தவர்களின் எண் எல்லோருக்கும் தெரிவது. எங்கள் குழுவில் இருந்த பெண்கள் சிலர் அதனாலேயே வெளியேறினார்கள். அவர்கள்தான் நன்றாக வளர்த்துக்கொண்டிருந்தவர்கள் என்பதால் எனக்கு அது பெரிய வருத்தம். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே நல்ல பதில்களும் காணாமல் போகின்றன. சேனல் தொடங்கினால் எண் தெரியாது, இத்தனை பேர்தான் என்ற வரம்பும் இல்லை. ஆனால் அங்கே பேசுவது நாம் மட்டும்தான். செடி வளர்ப்பவருக்குக் கேள்வி கேட்க இடம் வேண்டாமா?

முகநூலில் பக்கம் தொடங்குவதா, குழு தொடங்குவதா என்று யோசிப்பவர்கள் குழுவையே தொடங்கலாம். காசு கட்டி பூஸ்ட் செய்யாத பக்கம் மெல்லத்தான் நகரும்.

குழுவின் பலத்தை ஒரு கேள்வியில் புரிந்துகொண்டேன். குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா படம் போட்டிருந்தார். செடி பச்சையாக நிற்கிறது, நுனி மட்டும் துவண்டு கிடக்கிறது. "தண்ணி ஊத்துனாலும் நிமிரல, இன்னா பண்றது?" அரை மணி நேரத்தில் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் எழுதினார்: "தண்டுத் துளைப்பான்மா. வாடின இடத்துக்குக் கீழ நறுக்கிப் பாருங்க, உள்ள புழு இருக்கும். தொட்டி பக்கத்துல போடாதீங்க, அழிச்சிடுங்க." நறுக்கிய தண்டையும் புழுவையும் படம் பிடித்து அந்த அக்காவே திரும்பப் போட்டார். மாதங்கள் கழித்தும் "நுனி" என்று குழுவுக்குள் தேடினால் அந்த உரையாடல் வந்து நிற்கிறது. அதைப் படித்துவிட்டு, தன் செடியின் படத்தோடு புதிதாக ஒருவர் சேருகிறார். எங்கள் குழு வளர்ந்தது இப்படித்தான். நான் போட்ட பதிவுகளால் வந்தவர்கள் குறைவு.

முகநூலுக்கும் குறை உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதே இல்லை. கடன் தருகிறோம், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்கிற போலிக் கணக்குகளும் நுழையப் பார்க்கும். சேரும்போதே "எந்த ஊர், என்ன வளர்க்கிறீர்கள்?" என்று கேட்கும்படி வைத்தோம். பாதித் தொல்லை அதிலேயே போயிற்று.

இப்போது தினசரி உழைப்பு முழுவதும் முகநூல் குழுவில்தான். மாதத்துக்கு இரண்டு ரீல்ஸ், ஆட்களை அங்கே அழைத்துவர. வாட்ஸ்அப்பில் விதை அனுப்ப முகவரி வாங்குவது மட்டும். செடியிலேயே பழுத்து மஞ்சளான காயிலிருந்து எடுத்து, நிழலில் உலர்த்திய விதையைக் காகித உறையில் போட்டு அனுப்புகிறோம். உறையின் பின்பக்கம் குழுவுக்கான க்யூஆர் கோடு. அதன் கீழே ஒரு வரி: "முளைத்ததும் படம் போடுங்கள்."