பொட்டலத்து ஞொக்கி: கொதிநீரில் போடாமல் ஓவனுக்கு அனுப்புங்கள்

கோலாலம்பூரில் இறக்குமதிச் சாமான் விற்கும் பேரங்காடிகளில் பாஸ்தா அடுக்கின் ஓரத்தில் இது கிடக்கும். காற்றை உறிஞ்சி இறுக மூடிய 500 கிராம் பிளாஸ்டிக் பொட்டலம். உள்ளே கட்டைவிரல் நுனி அளவில், வரிவரியாகக் கீறிய உருளைக்கிழங்கு மாவு உருண்டைகள். பெயர் ஞொக்கி. இத்தாலியர் அந்த முதல் எழுத்தைச் சொல்லும் ஒலி நம்முடைய ‘ஞ’வேதான். ஞாயிறு என்று சொல்லத் தெரிந்தவருக்கு இந்தப் பெயரில் ஒரு சிரமமும் இல்லை.

நன்றாக வதக்கி நிறமேற்றிய வெங்காயம், வெள்ளைச் சாஸ், மேலே சீஸ், பிறகு ஓவன். இந்த ஒரு சமையலுக்கு அந்தப் பொட்டலம் தாங்குமா என்பதுதான் இங்கே கேள்வி. தாங்கும், அதுவும் நன்றாகவே. ஆனால் பொட்டலத்தின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் செய்முறையை அப்படியே பின்பற்றினால் தாங்காது.

பின்பக்கத்தில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: உப்புப் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம், மிதந்து வந்ததும் வடித்தெடுக்கவும். சாஸில் புரட்டி உடனே சாப்பிடுவதற்கு அது சரி. ஓவனுக்கு அது சரிவராது. பொட்டலத்தில் இருக்கும் உருண்டை ஏற்கெனவே வெந்ததுதான். கொதிநீர் அதைச் சூடாக்கி மேல்தோலை இளக்குகிறது, அவ்வளவே. பானையில் ஒருமுறை தண்ணீர் குடித்து, சாஸில் மறுமுறை குடித்து, ஓவனில் இருபது நிமிடம் கிடந்தால் மேல்மாவு கரைந்து, உருண்டைக்கும் சாஸுக்கும் வேறுபாடு இல்லாத களியாகிவிடுகிறது. “ஞொக்கி என்றாலே பசை மாதிரி இருக்கும்” என்று பலர் ஒதுக்குவதற்குக் காரணம் இதுதான்.

அதற்குப் பதில் வறுக்க வேண்டும். பொட்டலத்தைத் திறக்கும் முன் வெளியிலிருந்தே விரலால் மெல்ல அழுத்தி, ஒட்டியிருக்கும் உருண்டைகளைப் பிரித்துவிடுங்கள். திறந்த பிறகு பிய்த்தால் ஓரம் கிழியும். அகலமான ஒட்டாத சட்டியில் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய், நடுத்தரத்துக்குச் சற்று மேலான சூடு, உருண்டைகள் ஒரே அடுக்காக. மூடிபோட்டு நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். மூடியைத் திறந்து இன்னும் மூன்று நிமிடம். ஒரு பக்கம் பொன்னிறமாகி அடை ஓரம்போல் மொறுமொறுப்பாக வந்தால் போதும். அந்த மொறுமொறுத்த தோல்தான் பிறகு சாஸுக்கு எதிராக நின்று உருண்டையைக் காப்பாற்றுகிறது.

இதில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அறைச் சூட்டில் வைக்கும் பொட்டலங்களில் கெடாமல் இருக்க லாக்டிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ சேர்த்திருப்பார்கள், பலவற்றில் சோர்பிக் அமிலமும் உண்டு. திறந்தவுடன் மூக்கில் படும் லேசான புளிப்பு வாடை அதனால்தான். கொதிநீரில் போட்டால் அதில் கொஞ்சம் கழுவிப்போகும். நேராக வறுத்தால் தங்கும். வாடை தூக்கலாக இருக்கும் பிராண்டு கையில் கிடைத்தால், உருண்டைகளை வடிதட்டில் கொட்டி, மேலே ஒரு கெத்தல் கொதிநீரை ஊற்றி, உடனே துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றியெடுத்து வறுங்கள். ஈரத்தோடு சட்டியில் போட்டால் எண்ணெய் தெறிக்கும், தோலும் பிடிக்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது உருளைக்கிழங்கின் அளவு. சில பிராண்டுகள் வேகவைத்த கிழங்கிலிருந்து செய்கின்றன. பல, உலர்ந்த கிழங்குச் செதிலைத் தண்ணீரில் கரைத்துப் பிசைகின்றன. சேர்மானப் பட்டியலில் கிழங்கு முதலில் வந்து, அடைப்புக்குள் செதில், தண்ணீர் என்று பிரித்துப் போட்டிருந்தால் இரண்டாவது வகை. ஓவன் சமையலுக்கு அது மோசமில்லை. கோதுமை மாவு முதலிடத்தில் இருப்பதை மட்டும் தவிருங்கள், அது ரப்பராக இழுக்கும். உப்பிய பொட்டலம் எந்த விலைக்கும் வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் சரக்கு எங்கே எத்தனை நாள் கிடந்தது என்பதை வெளியில் காட்டிக்கொடுப்பது அந்த உப்பல் ஒன்றுதான்.

குளிர்ப்பெட்டியில் விற்கும் வகை சுவையில் ஒரு படி மேல், புளிப்பு குறைவு. ஆனால் மென்மையானது, வறுக்கும்போது இரும்புக் கரண்டி படாமல் சட்டியைக் குலுக்கித்தான் திருப்ப வேண்டும். உறைய வைத்த வகை இந்தச் சமையலுக்கு மூன்றாம் இடம். அதை இளகவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், உறைந்தபடியே சட்டியில் போட்டால் பனி உருகித் தண்ணீர் விடும். வீட்டில் கையால் பிசைந்ததோ மிக மிருது, வெண்ணெயில் புரட்டிச் சாப்பிட அதற்கு ஈடில்லை. ஓவனில் அந்த மிருதுவே பலவீனமாகிறது. கடையின் கெட்டி உருண்டை வெல்லும் இடம் இது.

இனி வெங்காயம். இந்தச் சமையலின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படுவோர் தோற்பதும் இங்கேதான்.

500 கிராம் ஞொக்கிக்கு 800 கிராம் வெங்காயம். அதிகமாகத் தோன்றும், வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால் கடைசியில் ஒரு சிறு கிண்ணம்தான் மிஞ்சும். பாசாரில் இரண்டு வகை கண்ணில் படும். மஞ்சள் தோல் ஹாலந்து வெங்காயம் காரம் குறைந்தது, நிறம் தேன்போல் தெளிவாக வரும். இந்தியச் சிவப்பு வெங்காயம் வீட்டில் எப்போதும் இருப்பது, சுவை ஆழமானது. ஆனால் அதன் ஊதா நிறம் வதங்க வதங்க மங்கி, வெள்ளைச் சாஸில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். நாக்குக்கு வேறுபாடு சிறியது, கண்ணுக்குப் பெரியது. விருந்துக்கென்றால் ஹாலந்து. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்து 2024 மே மாதம் தடையை நீக்கியது. அந்த இடைவெளியில் சீனாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்த வெங்காயத்துக்கும் கீழே சொல்லும் முறை பொருந்தும், நேரம் மட்டும் முன்பின் ஆகும். இருநூறு கிராம் சின்ன வெங்காயம் கலந்தால் இனிப்பு இன்னும் அடர்த்தியாகும், உரிக்கப் பொறுமை இருந்தால்.

வேர்முனையிலிருந்து நுனி நோக்கி நீளவாக்கில் நறுக்குங்கள், ஒரு துண்டு அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமன். குறுக்கே வட்டமாக நறுக்கினால் நார் அறுந்து கூழாகும். பிரியாணிக்குப் பொரிப்பதுபோல் மெல்லியதாகச் சீவினால் நடு வேகும் முன் ஓரம் கருகும். அடி கனத்த 28 சென்டிமீட்டர் சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி நெய், முக்கால் தேக்கரண்டி உப்பு. உப்பு முதலிலேயே விழ வேண்டும், தண்ணீரை வெளியே இழுப்பது அதுதான். மூடிபோட்டு மிதமான சூட்டில் பத்து நிமிடம். பிறகு திறந்து, சூட்டைக் குறைத்து, முப்பத்தைந்து முதல் ஐம்பது நிமிடம்.

சட்டியின் சத்தத்தைக் கவனியுங்கள். முதலில் மழைபோல் ‘சோ’வென்று தண்ணீர் கொதிக்கும். இருபதாவது நிமிடம் வாக்கில் அது அடங்கி, எண்ணெயில் படபடவென்று தனித்தனி வெடிப்பாகும். அப்போதுதான் வெங்காயம் வறுபடத் தொடங்குகிறது; அதுவரை நடந்தது வேகல். சட்டியின் அடியில் பழுப்புப் படலம் படியும். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டிக் கலந்துவிட்டால் அந்த நிறம் முழுதும் வெங்காயத்துக்குள் போய்விடும். இதை மூன்று நான்கு முறை செய்ய வேண்டி வரும். சமையல் குறிப்புகளில் சொல்கிற ‘பொன்னிறம்’ இதற்குப் போதாது. கூலா மலாக்கா என்னும் தென்னஞ்சர்க்கரைக் கட்டியை உடைத்தால் உள்ளே தெரியும் நிறம், கரண்டியைச் சாய்த்தால் தொக்குபோல் மெதுவாக நகரும் பதம். அதுதான் இலக்கு.

சீனி வேண்டாம், வெங்காயத்தின் சொந்த இனிப்பே போதும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் பாதி நேரத்தில் நிறம் வரும் என்பது உண்மை. காரத்தன்மை கூடினால் பழுப்பாவது வேகம் பிடிக்கும். அதே சோடா நாரையும் கரைத்துவிடுவதால், வாயில் இழையிழையாகக் கிடைக்க வேண்டிய வெங்காயம் சட்னியாகிவிடும். நேரம் இல்லையென்றால் முந்தின நாளே வதக்கிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். மூன்று நாள் வரை அப்படியே இருக்கும். இறக்கும்போது புதிதாக இடித்த சரவாக் மிளகு அரைத் தேக்கரண்டி. தைம் இலைக்காக அலைய வேண்டாம், தொட்டியில் வளரும் கற்பூரவள்ளி மூன்று இலையைப் பொடியாக அரிந்து போடுங்கள். இரண்டும் மணத்தில் நெருங்கிய உறவு.

வெள்ளைச் சாஸுக்கு 25 கிராம் வெண்ணெய், 25 கிராம் மைதா மாவு, 400 மில்லி பால். வெண்ணெயில் மாவை இரண்டு நிமிடம் பச்சை வாடை போக வறுத்து, பாலைச் சிறிது சிறிதாக ஊற்றித் துழாவி, கரண்டியின் பின்புறத்தில் படியும் பதத்தில் இறக்குங்கள். ஓவனில் இறுகும் என்பதால் ஊற்றும்போது தளர்வாக இருப்பதே நல்லது. பினாங்கின் பாலிக் புலாவ் ஜாதிக்காய் வீட்டில் இருந்தால் துருவலாக ஒரு சிட்டிகை. உப்பு போடாதீர்கள், ஞொக்கியிலும் வெங்காயத்திலும் சீஸிலும் இருக்கிறது. பாலுக்குப் பதில் கிரீம் ஊற்றலாம், ஆனால் கேக்குக்கு அடிக்கும் தாவரக் கொழுப்புக் கிரீம்களில் பல சீனி சேர்த்தவை. அட்டையைப் படிக்காமல் ஊற்றினால் முழுத் தட்டும் பலகாரமாகிவிடும்.

சீஸ் மொத்தம் 230 கிராம்: இழுபடுவதற்கு மொசரெல்லா 120, சுவைக்கு முதிர்ந்த செடார் 80, மேலே தூவ பார்மசான் 30. கட்டியாக வாங்கித் துருவுங்கள். துருவி விற்கும் பொட்டலத்தில் இழைகள் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பதால், உருகினாலும் நறநறப்பு தட்டுப்படும். வெங்காயத்துக்குப் பொருத்தமான சீஸ் என்று க்ரூயேரைச் சொல்வார்கள், உண்மையும்கூட. இங்கே அதன் விலைக்குச் செடாரே நியாயமான மாற்று.

சைவம் பார்ப்பவர்கள் இங்கே நிற்க வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் வரும் அசல் பார்மசான், கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரிய வைக்கும் ரென்னட் இல்லாமல் செய்யப்படுவதில்லை, க்ரூயேரும் அப்படித்தான். ஹலால் முத்திரை இருந்தால் மட்டும் ஒரு சீஸ் சைவமாகிவிடாது. அட்டையில் நுண்ணுயிர் ரென்னட் அல்லது ‘வெஜிடேரியன்’ என்ற குறிப்பைத் தேடுங்கள். ஞொக்கியிலும் சில பிராண்டுகள் முட்டை சேர்க்கின்றன. அட்டையில் இ 471 என்று இருந்தால் அது எண்ணெயையும் நீரையும் சேர்த்துவைக்கும் ஒரு சேர்மானம்; அதன் மூலம் தாவர எண்ணெயாகவும் இருக்கலாம், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம். ரோமில் வியாழக்கிழமை ஞொக்கி நாள். மறுநாள் வெள்ளி இறைச்சி இல்லாத நாள் என்பதால் முந்தின நாளே வயிறு நிறையச் சாப்பிடும் பழைய வழக்கம். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமைச் சைவத்துக்கே இது பொருந்தும், அட்டையைச் சரியாகப் படித்து வாங்கியிருந்தால்.

ஒன்றரை லிட்டர் பீங்கான் தட்டில் சூடான சாஸ், வறுத்த ஞொக்கி, வெங்காயத்தில் மூன்றில் இரண்டு பங்கு, செடார் எல்லாவற்றையும் கலந்து பரப்புங்கள். மீதி வெங்காயத்தை மேலே அங்கங்கே வைத்து, மொசரெல்லாவால் மூடி, பார்மசானைத் தூவுங்கள். வெங்காயம் சீஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கருகிக் கசக்கும். 200 டிகிரியில் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம், ஓரத்தில் சாஸ் குமிழிடும் வரை. நிறம் போதவில்லை என்றால் கடைசி இரண்டு நிமிடம் மேல்சூடு மட்டும். அதற்கு மேல் விட்டால் சீஸ் இறுகி எண்ணெய் கக்கும்.

அடுக்குமாடி வீடுகளில் பரவலாக இருக்கும் முப்பது லிட்டர் மேசை ஓவனில் மேல்கம்பி மிக அருகில் இருக்கும். தட்டைக் கீழ்த்தட்டில் வைத்து, முழுதாகப் பதினைந்து நிமிடம் முன்சூடு காட்டி, பாதியில் ஒருமுறை திருப்பிவையுங்கள். ஏர் ஃபிரையரில் என்றால் பாதி அளவுதான் செய்ய முடியும்: 180 டிகிரியில் பத்து நிமிடம் அலுமினியத் தாளால் இறுக மூடி, பிறகு திறந்து நான்கு நிமிடம். தாள் தளர்வாக இருந்தால் விசிறிக் காற்றில் எழும்பிக் கம்பியைத் தொடும், துருவலும் பறக்கும்.

வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டால் சாஸ் கெட்டிப்பட்டு உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். 500 கிராம் பொட்டலம் மூன்று பேருக்கு முழுச் சாப்பாடு. பக்கத்தில் வெள்ளரிக்காயும் எலுமிச்சையும் இருந்தால் நாலு பேருக்குக் காணும். மிஞ்சியதை மைக்ரோவேவில் சுடவைத்தால் மாவு இழுபட்டுக் களியாகும். ஒட்டாத சட்டியில் இரண்டு கரண்டி பால் தெளித்து, மூடிபோட்டு, சிறு தீயில் வையுங்கள். அடியில் பிடிக்கும் சீஸ் முறுகலையும் சுரண்டிப் பரிமாறலாம்.