கலையா, பிணையா: எந்த மானைச் சுடுவது?

ஒன்றரை வயது வெண்வால் மான். ஆண். தலையில் குச்சி நட்டதுபோலக் கிளைவிடாத இரண்டு கொம்புகள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இதைச் சுட்டால் குற்றம். சிறுவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. டெக்சாஸில் கொம்புக் கட்டுப்பாடு உள்ள மாவட்டங்களிலோ இதே மானைத் தாராளமாகச் சுடலாம். இரண்டு இடத்திலும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: இளம் கலைகள், அதாவது ஆண் மான்கள், வளர வேண்டும்.

பென்சில்வேனியா 2002இல் முனைகளை எண்ணச் சொன்னது. பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது 3 முனைகள் இருக்க வேண்டும். ஓர் அங்குல நீளமாவது இருந்தால்தான் அது முனை. அதற்கு முன்பு அங்கே விழுந்த கலைகளில் பெரும்பகுதி ஒன்றரை வயதுக் குருத்துகள். நோக்கம் நல்லதுதான். ஆனால் விடியற்காலை மங்கலில், கிளைகளுக்கு நடுவே நிற்கும் மானின் தலையில் அங்குலக் கணக்குப் பார்ப்பது யாரால் ஆகும்?

டெக்சாஸ் இடைவெளியை அளக்கச் சொல்கிறது. இரு கொம்புகளுக்கு நடுவே உட்புறம் 13 அங்குலம் வேண்டும். காதை விறைத்து நிற்கும் மானின் ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனி வரை ஏறக்குறைய அவ்வளவுதான். அளவுகோலை மானே தலையில் சுமந்து வருகிறது! மான் நேராக முகம் காட்டினால் போதும். கிளைவிடாத கொம்புக்கு அங்கே தடை இல்லை என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இந்த ஆண்டு குச்சிக்கொம்போடு நிற்பது பிறகு நன்றாகக் கிளைவிடக்கூடும்.

கொம்பையே பார்க்காமல், பிணையை, அதாவது பெண் மானைச் சுடச் சொல்பவர்கள் மூன்றாவது அணி. கறிக்காக வேட்டைக்குப் போகிறவர்கள், காட்டின் மேல் கவலை உள்ளவர்கள். என் ஓட்டு இவர்களுக்கு. 1907இல் பென்சில்வேனியா பிணைகளைச் சுடத் தடை போட்டது. அப்போது மான் அருகிக் கிடந்ததால் அது சரியாக இருந்தது. பிறகு மான் பெருகியும், பிணையைத் தொடாததைப் பெருமையாக நினைக்கும் வழக்கம் போகவில்லை. ஒரு பிணை பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். ஓக், மேப்பிள் கன்றுகளை மான்கள் மேய்ந்து தீர்த்த காட்டில், அவை தொடாத பெரணிகள்தான் தரையை மூடிக் கிடக்கின்றன. விஸ்கான்சின் ஒருபடி மேலே போய், சில பகுதிகளில் முதலில் ஒரு கொம்பில்லா மானைச் சுட்டால்தான் கலைக்கு அனுமதி என்றது. வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள், 2011இல் அந்த விதி போயே போய்விட்டது.

"தாயைக் கொன்றால் குட்டி என்னாகும்?" என்று கேட்பார்கள். மே, ஜூனில் பிறந்த குட்டி நவம்பருக்குள் பால்குடி மறந்து தானே மேயும். உண்மையான சிக்கல் வேறு: கொம்பு முளைக்காத ஆண்குட்டியைப் பிணை என்று நினைத்துச் சுட்டுவிடுவது. வயலுக்குள் முதலில் தனியாகத் துள்ளி வரும் குட்டைமூஞ்சிக்காரன் பெரும்பாலும் அவன்தான். இரண்டு மூன்று மான்கள் சேர்ந்து நிற்கும்வரை காத்திருந்து, அவற்றில் நீளமூஞ்சியுள்ள பெரியதைக் குறிவைக்க வேண்டும்.