மஜ்ஜை மாற்றுக்கு முன்னால் நாலு நாள் தயாரிப்பு: எங்கள் அனுபவம்

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை. ஒரு குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயர் எழுதவில்லை. எங்களுக்கு நாமக்கல். மகனுக்கு எட்டு வயது. ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். கீமோ எல்லாம் முடிந்து ஒன்றரை வருடத்தில் திரும்ப வந்துவிட்டது. எலும்பு மஜ்ஜை மாற்று செய்தாக வேண்டும் என்றார்கள். சிகிச்சைக்கு மதிப்பெண் போட நான் ஆள் இல்லை. அட்மிஷனுக்கு முன்னால் பிள்ளையைத் தயார் செய்ய நாலு நாள் வரச் சொன்னார்கள், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தனிக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

ஊரில் எல்லோரும் ‘எலும்பு மாற்று ஆபரேஷன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். “எந்த எலும்பை எடுப்பாங்க, அப்புறம் நடப்பானா?” என்று என் அம்மா அழுதார். எனக்கே பாதிதான் புரிந்திருந்தது. முதல் நாள் கவுன்சலர் மிஸ் பையனிடம் கேட்டார்: “நல்லி எலும்பு சாப்பிட்டிருக்கியா? உள்ளே இருக்கறதை உறிஞ்சுவோமே, அதுதான் மஜ்ஜை. உன் எலும்புக்குள்ள இருக்கிற அது சரியா ரத்தம் செய்யலை. அதை மருந்தால காலி பண்ணிட்டு, உன் அக்காகிட்ட இருந்து கொஞ்சம் வாங்கி உனக்கு ரத்தம் ஏத்தற மாதிரி ஏத்துவோம். உனக்கு ஆபரேஷனே கிடையாது.” மூன்று டாக்டர்கள் படம் போட்டு விளக்கியது எனக்கு அந்த நல்லி எலும்பில்தான் புரிந்தது.

அப்புறம் ஒரு துணிப் பொம்மை கொடுத்தார்கள். அதன் மார்பிலிருந்து ஹிக்மேன் குழாய் (மருந்தும் ரத்தமும் ஏற்ற மார்பில் வைக்கும் குழாய்) தொங்கும், நுனியில் இரண்டு வாய். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து அதில் செலுத்துவதும், பிளாஸ்டர் மாற்றுவதும் இவன் வேலை. பொம்மைக்கு முடியைக் கழற்றலாம். “அது எனக்குப் பழசு மிஸ்” என்று அந்தப் பாடத்தை மட்டும் தாண்டிவிட்டான்.

நான்கு நாளில் உருப்படியானது கதிர்வீச்சுக்கான பயிற்சிதான். பழைய மஜ்ஜையைக் காலி செய்ய மருந்தோடு கதிர்வீச்சும் உண்டு. உடல் முழுக்க, நாளைக்கு இரண்டு வேளை, மூன்று நாள், மொத்தம் ஆறு முறை. அறையில் பிள்ளை தனியாக, அசையாமல் இருக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் பட்டினி. அசையாமல் இருந்துவிட்டால் அந்தப் பட்டினி மிச்சம் என்று சொல்லி, வீட்டில் சிலை விளையாட்டு விளையாடச் சொன்னார்கள். போனில் டைமர் வைத்து இரண்டு நிமிடத்தில் ஆரம்பித்தோம், பத்து நாளில் இருபதைத் தொட்டான். அந்த அறையையும் கேமராவையும் முன்கூட்டியே காட்டினார்கள். மைக்கில் அப்பா பேசலாம் என்றார்கள். நிஜமாகவே அன்று நான் மைக்கில், ராசிபுரம், சேலம், வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி என்று சென்னை வரை ஊர்ப்பெயர் சொல்லிக்கொண்டே வந்தேன். செங்கல்பட்டு வருவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். ஆறு முறையும் மயக்க மருந்து தேவைப்படவில்லை.

காலண்டரும் பிடித்திருந்தது. மஜ்ஜை ஏற்றும் நாள் பூஜ்யம், அதற்கு முன் எல்லாம் மைனஸ். ராக்கெட் மாதிரி இருக்கிறது என்று தினமும் அவனே அடித்தான்.

சின்னக் குறைகளும் உண்டு. நாலு நாளும் கட்டிப்பிடித்துத் தூங்கிய துணிப் பொம்மையை, அட்மிஷனுக்குப் பிறகு அவன் தங்கும், காற்றை வடிகட்டும் அறைக்குள் விடவில்லை. துடைக்க முடிகிற பொருள்தான் உள்ளே போகலாமாம். முதல் நாளே சொல்லியிருக்கலாம். கடைசியில் பொம்மையைப் போட்டோ எடுத்து லேமினேட் செய்து கொண்டுபோனோம். தயிர் கூடாது, பச்சைச் சட்னி கூடாது என்று சாப்பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர்கள், கதிர்வீச்சால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கலாம் என்பதை நாங்களாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

பெரிய குறை என் மகள். பதின்மூன்று வயது, அவள்தான் டோனர். கூடப் பிறந்த ஒருவர் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். பொருந்திவிட்டது என்றதும் வீடே குதித்தது. அவளை உட்கார வைத்து யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும்தான். தம்பிக்கு நாலு நாள் பொம்மை, விளையாட்டு எல்லாம். அவளுக்குக் கால் மணி நேரம் மயக்கவியல் டாக்டர், எங்கள் கையெழுத்து. மற்ற நேரமெல்லாம் வராந்தாவில் ரெக்கார்ட் நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மிஸ் தம்பியிடம் சொன்னார்: “அக்காவோட செல்லு புது வாட்ச்மேன் மாதிரி. சில சமயம் வீட்டுக்காரரையே திருடன்னு நினைச்சு அடிச்சிடும். அதுக்குத்தான் தினமும் ரெண்டு வேளை சைக்ளோஸ்போரின்.” அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல உவமைதான், ஆனால் கதவு திறந்திருந்தது.

மஜ்ஜை ஏற்றிய பத்தொன்பதாம் நாள் ரத்த அணுக்களின் கவுன்ட் ஏறியது. நியூட்ரோபில் என்ற வெள்ளையணு மூன்று நாள் தொடர்ந்து ஐந்நூறுக்கு மேல் நின்றது. அடுத்த வாரம் உள்ளங்கையிலும் காதோரத்திலும் சிவந்து தடித்தது. ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிட்டார்கள். வாடகை வீட்டில் இருந்த மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மாவிடம் கேட்டாளாம்: “என்னாலதானேம்மா?”

மிஸ்ஸிடம் சொன்னேன். சால்ஜாப்பு சொல்லவில்லை, அதற்கே ஒரு மதிப்பெண். அன்று சாயந்தரமே மகளைக் கூப்பிட்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். கதவைச் சாத்திக்கொண்டு. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ராத்திரி இரண்டு தோசை சாப்பிட்டாள்.

ஐந்துக்கு நாலு போடுகிறேன். இதே மாதிரி வகுப்புக்குப் போகிறவர்கள் டோனர் பிள்ளையையும் முதல் நாளே உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். எங்களுக்குக் கொடுத்த அறையில் நாற்காலி மூன்றுதான் இருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கிப் போடுங்கள்.