வராத உறுப்பினரை நீக்குவதா, ஓய்வில் வைப்பதா?

வெள்ள நிவாரணம், ரத்த தானம் என்று கடலூரில் இயங்கும் எந்தத் தன்னார்வக் குழுவின் பட்டியலை எடுத்தாலும், பாதிக்குக் கொஞ்சம் குறையப் பெயரளவில்தான் இருப்பார்கள். அவர்களை அப்படியே விடலாம், நீக்கலாம், ஓய்வுப் பட்டியலுக்கு, அதாவது இப்போது வராவிட்டாலும் பிறகு கூப்பிடக்கூடியவர்களின் தனிப் பட்டியலுக்கு, மாற்றலாம். எங்கள் குழுவில் நடப்பது மூன்றாவது; என் ஓட்டும் அதற்கே.

அப்படியே விட்டால் யார் மனமும் புண்படாது. அதோடு சரி. 60 பேரில் 25 பேர் வராதவர்கள் என்று வையுங்கள். புயல் இரவில் அந்த 25 பேருக்கும் இரண்டிரண்டு முறை, 40 நொடி மணி அடிக்கவிட்டால் அரை மணி நேரத்துக்கு மேல் வீண். ரீசார்ஜ் போடாமல் விட்ட எண் வேறொருவர் கைக்குப் போயிருக்கவும் கூடும்.

நீக்கினால் பட்டியல் சுத்தமாகும். கல்லூரி மாணவர் குழுவுக்கு இதுவே நல்லது. படிப்பு முடிந்தால் பலர் ஊரிலேயே இருப்பதில்லை. ஊர்க் குழுவின் நிலை வேறு. சென்னையில் வேலை, சிங்கப்பூர் ஒப்பந்தம், கைக்குழந்தை, படுக்கையில் இருக்கும் அப்பா என்று விலகியதற்குக் காரணங்கள் இருக்கும். வாட்ஸ்அப்பில் தன்னை நீக்கியதைப் பார்த்தவரை அடுத்த வருஷம் கூப்பிட்டால், வர மனசு இருந்தாலும் கால் வராது.

கடலூரைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது வேலை வந்து விழும் வரிசை. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024இல் ஃபெஞ்சலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த தண்ணீர் என்று எதை எடுத்தாலும் வேலை இரண்டு கட்டம். முதல் நாள் தேவைப்படுவது பழகிய கைகள்: எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார், முகாம் சாவி யாரிடம் என்று தெரிந்தவர்கள். இதற்குப் பதினைந்து பேர் போதும். புதியவர்கள் நிறைய வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்வதே தனி வேலையாகிவிடும். தண்ணீர் வடிந்த பிறகுதான் ஆள் பற்றாக்குறை. வீட்டுக்குள் படிந்த சேற்றை வாரிக் கொட்ட, விழுந்த மரத்தை இழுத்துப் போட, அரிசி பருப்பு பொட்டலம் கட்ட, வீடு வீடாகக் கணக்கெடுக்க நாற்பது பேர் வந்தாலும் போதாது. இதற்குப் பயிற்சியும் பெரிதாக வேண்டாம். வெளியூரில் இருப்பவர் வீட்டைப் பார்க்க ஓடி வருவதும் அந்த நாட்களில்தான். ஓய்வுப் பட்டியல் இருந்தால் மூன்றாம் நாள் காலையில் அவர்களை அழைக்க முடியும். நீக்கியிருந்தால் எண்ணே கையில் இருக்காது.

இதைச் செய்யச் சரியான மாதம் செப்டம்பர், வடகிழக்குப் பருவமழைக்கு முன். முதல் வாரத்தில் தனித்தனியாக ஒரு செய்தி போகட்டும். எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. “அண்ணே, மழைக்கு முன்னாடி பட்டியலைச் சரிபார்க்கிறோம். 1: இந்த சீசன் வருவேன். 2: கூப்பிட்டா மட்டும் வருவேன். 3: இப்போதைக்கு முடியாது. நம்பரை மட்டும் அனுப்புங்க.” பத்து நாளில் பதில் இல்லையென்றால் அவரோடு களத்தில் நின்ற யாராவது போன் செய்யட்டும். செயலாளர் பேசினால் விசாரணை மாதிரி ஆகிவிடும். இன்னும் பத்து நாள் பார்த்துவிட்டு மாற்றுங்கள். அதற்கு முன் உயிர்காப்பு அங்கி, கயிறு, ரசீதுப் புத்தகம், சாவி எல்லாம் திரும்பி வரட்டும். வங்கிக் கணக்கில் அவர் கையெழுத்து இருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும்.

இந்த முறை கெட்டுப்போவது ஒரே இடத்தில்: ஓய்வுப் பட்டியலை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. அதனால் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ‘கடைசியாக வந்த தேதி’, ‘மறுபடி கேட்க வேண்டிய தேதி’ என்று இரண்டு கட்டம் அவசியம். அடுத்தடுத்து இரண்டு செப்டம்பரிலும் பதில் வராத பெயரை மட்டும் எடுத்துவிடலாம்.

ரத்த தானக் குழுவுக்கு அளவுகோல் வேறு. ஒரு முறை கொடுத்தால் அடுத்ததற்கு ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை கொடுப்பவர் நல்ல உறுப்பினர். மாதக் கூட்டத்துக்கு வரவில்லை என்று அவரை ஓய்வில் தள்ளினால் நஷ்டம் நோயாளிக்கு.

இதெல்லாம் நூறு பேருக்குள் உள்ள குழுக்களை வைத்துச் சொல்வது. அதற்கு மேல் போனால் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் என்று பகுதி பிரித்து ஆளுக்கொரு பட்டியல் கொடுக்க வேண்டியிருக்கும். பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் துணைவிதியில் ஓய்வு உறுப்பினர் என்ற பிரிவை எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பொதுக்குழுவின் குறைந்தபட்ச வருகைக் கணக்கில் அவர்களும் சேர்ந்து கூட்டமே செல்லாமல் போகலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் நடைமுறையில் உள்ள 1860ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டப்படி, மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவர் வாக்களிக்கவோ உறுப்பினராகக் கணக்கில் வரவோ முடியாது. இங்கே பொருந்துவது தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டம். அங்குள்ள சங்கத்தின் துணைவிதியை அப்படியே நகலெடுக்காதீர்கள்.