அட்டையில்லாத எலும்பு வேட்டை நாவலும் பாய் கடையும்

இராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் போகும் வழியில் ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது. கடை என்றால் இரண்டு மரப்பெஞ்சு, மேலே நீலத் தார்ப்பாய், அவ்வளவுதான். முன்வரிசை முழுக்கப் பத்தாம் வகுப்பு கைடும் டிஎன்பிஎஸ்சி வினாத்தாளும். பின்னால் குனிந்து தேடினால் ராமேஸ்வரம் லாட்ஜுகளில் வெளியூர்க்காரர்கள் விட்டுப்போன ஆங்கில நாவல்கள் கிடைக்கும். பாய் அவற்றை எடைக்கு வாங்கி வருகிறார். அப்படி எடுத்ததுதான் இது. அட்டை இல்லை, தலைப்புப் பக்கம் இல்லை, உப்புக் காற்றில் ஓரமெல்லாம் உப்பிப்போன சரித்திர நாவல். பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியது. "அது எதுக்கும்மா, மொட்டையாக் கெடக்கு" என்றவர், நான் அதைக் கீழே வைக்கவில்லை என்று தெரிந்ததும் 40 ரூபாய் என்றார். வியாபாரி வியாபாரிதான்.

கதை 1878-இல் அமெரிக்காவின் வயோமிங்கில், கோமோ ப்ளஃப் என்ற நீண்ட மேட்டில் நடக்கிறது. ஒருவரையொருவர் கண்டாலே ஆகாத இரண்டு அறிஞர்களின் ஆட்கள் அங்கே டைனோசர் எலும்பு தோண்டுகிறார்கள். ஒரு கூடாரத்தில் எலும்புகளைப் படம் வரைகிற பெண். எதிர்க்கூடாரத்தில் ரயில்வே வேலையை விட்டுவிட்டு வந்த பையன். மீதியை நீங்களே ஊகிக்கலாம், ஊகித்தபடியேதான் நடக்கிறது. நிலா, குதிரை, ஒளித்து வைத்த கடிதம் எல்லாம் உண்டு. இருவரும் மனம்விட்டுப் பேசும் பக்கங்களை நான் வேகமாகத் தள்ளிவிட்டேன். வாயைத் திறந்தால் வசனம்தான் வருகிறது.

கை வேலை செய்யும்போது இதே இருவரும் உயிரோடு வந்துவிடுகிறார்கள். நடுவில் ஓர் அத்தியாயம். மண்ணிலிருந்து வெளியே வந்த தொடை எலும்பு காற்றுப் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்கிறது. அந்தப் பெண் சமையல்காரனின் அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்து, குழையக் குழையக் காய்ச்சி, அந்தக் கஞ்சியில் சாக்குத்துணியை நனைத்து எலும்பைச் சுற்றிக் கட்டுகிறாள். எதிர்க்கூடாரத்துப் பையன் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறான். கஞ்சி காய்ந்து விறைக்கும்வரை இரண்டு பேரும் கையை எடுக்க முடியாது. நாவலிலேயே நல்ல காதல் காட்சி இதுதான். ஒரு வார்த்தைகூட இல்லை! இது எழுத்தாளரின் கற்பனையும் இல்லை. 1876-இல் மொன்டானாவுக்கு எலும்பு தேடிப் போன அமெரிக்க அறிஞர் எட்வர்ட் டிரிங்கர் கோப்பின் குழுவில் இருந்த சார்ல்ஸ் ஸ்டெர்ன்பெர்க் என்பவர் இப்படித்தான் அரிசிக் கஞ்சியால் எலும்புகளைக் காப்பாற்றினார். காட்டன் சேலைக்குக் கஞ்சி போட்டு வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நாவலில் அறிஞர்களுக்கு வேறு பெயர். யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒருவர் பிலடெல்பியாவின் கோப், இன்னொருவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஓத்னியல் மார்ஷ். கான்சஸில் கிடைத்த எலாஸ்மோசாரஸ் என்ற கடல் பிராணியின் தலையைக் கோப் வால் நுனியில் பொருத்திவிட்டார். 1870-இல் ஜோசப் லெய்டி என்ற இன்னொரு எலும்பு அறிஞர் அதை அம்பலப்படுத்தினார். கோப் தன் கட்டுரைப் பிரதிகளைத் தேடித் தேடித் திரும்ப வாங்கப் பார்த்தார். மார்ஷும் லேசுப்பட்டவர் இல்லை. 1877-இல் அப்படோசாரஸ் என்று பெயர் வைத்த இனத்துக்கே 1879-இல் பிராண்டோசாரஸ் என்று இன்னொரு பெயரும் வைத்தார் என்று 1903-இல் சொன்னார்கள். எல்லாம் முந்திக்கொள்ளும் அவசரம். அந்த அவசரத்தை நாவல் நன்றாகப் பிடித்திருக்கிறது.

எனக்கு அது புரிந்ததற்குக் காரணம் உண்டு. என் அப்பா வேதாளையில் சங்கு குளித்தவர். சங்கு கிடக்கிற இடத்தைக் கூடப் பிறந்த அண்ணனிடம்கூடச் சொல்ல மாட்டார். கரையில் தெரியும் ஒற்றைப் பனையையும் பள்ளிவாசல் மினாராவையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்து இடம் பிடிப்பார். இன்னொரு வள்ளம் பக்கத்தில் வந்தால் மூழ்காமல், சும்மா தூண்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கோமோ ப்ளஃபில் எலும்பைக் கண்ட இரண்டு ரயில்வே ஆட்கள் 1877-இல் மார்ஷுக்குப் பொய்ப்பெயரில் கடிதம் எழுதியது நிஜம். நாவலில் அந்தக் கடிதம் வரும் இடத்தில் சிரித்துவிட்டேன், அப்பா முகம் ஞாபகம் வந்தது. ஆனால் எதிராளிக்குக் கிடைக்கக் கூடாது என்று மிச்ச எலும்புகளைச் சுத்தியலால் உடைத்துவிட்டுக் குழியை மூடும் காட்சி தாங்கவில்லை. கையளவுகூட வளராத குஞ்சுச் சங்கை அப்பா திரும்பக் கடலில்தான் போடுவார், அடுத்த வள்ளத்துக்காரன் எடுத்துவிடுவான் என்று தெரிந்தாலும்.

பெரிய குறை ஒன்று. அந்த நிலத்து மக்கள் கதையில் தூரத்தில் குதிரை மேல் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான். நிஜத்தில் 1874-இல் எலும்பு தேடிப் போன மார்ஷிடம், லகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் ரெட் கிளவுட், தங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அழுகிய உணவுப்பொருளைக் காட்டினார். மார்ஷ் அடுத்த வருடம் வாஷிங்டன்வரை போய் அதைக் கிளப்பினார். அதையே ஒரு நாவலாக எழுதலாம். இங்கே ஒரு வரிகூட இல்லை.

ஆங்கிலம் எளிது. பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகள் அகராதி இல்லாமல் படித்துவிட்டாள். அவளுக்கு நிலாக் காட்சிகள்தான் பிடித்தன, சண்டை போட்டோம். படித்துவிட்டு, "சித்தி, நம்ம ஊர்ல இந்த மாதிரி எதுவும் இல்லையா" என்று கேட்டாள். பாம்பன் கரையில் நாம் மிதித்து நடக்கும் பாறையே செத்துக் கல்லான பவளம்தான் என்றேன். டைனோசர் காலத்துக் கடல் வேண்டுமென்றால் அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கங்களுக்குப் போக வேண்டும், அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் பிராணியின் சுருள் சுருளான ஓடுகள் அங்கே கிடைக்கின்றன. 1840-களிலேயே வெள்ளைக்காரர்கள் திருச்சி, பாண்டிச்சேரிப் பக்கம் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். தமிழில் யாராவது இதை வைத்து எழுதினால் முழு விலை கொடுத்தே வாங்குவேன்.

கடையைப் பற்றி இன்னும் கொஞ்சம். படித்து முடித்த புத்தகத்தைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார், ஆனால் அட்டை கிழிந்ததை எடுக்க மாட்டார். அவர் விற்றதே அட்டையில்லாமல்தான் என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார். ஜிபே கிடையாது, சில்லறையோடு போங்கள்.