முழங்காலுக்கு எதை மாட்டுவது? கொழும்புக் கடைகளில் விற்கும் நீ காட் (முழங்கால் உறை), பிரேஸ் வகைகள்

வெள்ளவத்தையில் காலி வீதிப் பாமசி ஒன்றுக்குள் போய் "முழங்கால் திரும்பிவிட்டது" என்று சொன்னால், பெரும்பாலும் ஒரே பொருள்தான் மேசைக்கு வரும்: சாம்பல் நிறத்திலோ தோல் நிறத்திலோ இழுபடும் குழாய்த் துணி. ரக்பியில் கால் முறுகியவருக்கும் அதுதான், பட்மின்டனில் சறுக்கியவருக்கும் அதுதான், படியேறினால் நோகிற அம்மம்மாவுக்கும் அதுதான். பெட்டியைத் திருப்பினால் சுளுக்கு, வாதம், லிகமெண்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) காயம் எல்லாவற்றுக்கும் உகந்தது என்று அச்சடித்திருப்பார்கள். லிகமெண்ட் விசயத்தில் அதை நம்ப வேண்டாம்.

கடைக்குப் போக முன் ஒரு வடிகட்டல் வேண்டும். காயம் பட்ட உடனேயும் பிறகு வைத்தியர் பார்க்கும்போதும் நாலு அடி வைக்க முடியாதவர், முழங்காலை 90 பாகைக்கு மடக்க முடியாதவர், முழங்காற் சில்லில் மட்டும் அழுத்தினால் நோகிறவர், முழங்காலின் வெளிப்பக்கம் சற்றுக் கீழே கையில் தட்டுப்படும் எலும்பு முனையில் நோவுள்ளவர், 55 வயதைத் தொட்டவர் அல்லது தாண்டியவர்: இதில் ஒன்று பொருந்தினாலே முதலில் எக்ஸ்ரே. ஒட்டாவா முழங்கால் விதி என்று அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுத்துவது இதைத்தான். கால் கோணலாகிப் பாதம் குளிர்ந்தாலோ மரத்தாலோ 1990க்கு அழையுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றதும் "ஒன்றுமில்லையாம்" என்று வீடு திரும்புகிறவர்கள் அதிகம். லிகமெண்டும், மெனிஸ்கஸ் என்ற மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு மெத்தையும் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. அந்த நேரத்தில் துப்புத் தருவது வீக்கம் வந்த நேரம். "டொக்" என்ற சத்தத்தோடு கால் நழுவி, இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் பந்துபோல உப்பினால் மூட்டுக்குள் இரத்தம் கசிகிறது, ஏ.சி.எல். (மூட்டின் நடுவில் உள்ள முன் குறுக்கு லிகமெண்ட்) அறுந்திருக்க நல்ல வாய்ப்பு. இரவு தூங்கி எழும்போது மெல்ல வீங்கி, மடக்கி நீட்டுகையில் இடையில் பூட்டுப் போட்டதுபோல நின்றால் மெனிஸ்கஸைச் சந்தேகிக்கலாம். உள்பக்கத்தில் மட்டும் நோவும் சிறு வீக்கமும் என்றால் பெரும்பாலும் எம்.சி.எல். என்ற உள்பக்க லிகமெண்டில் காயம். நீங்கள் எந்தப் பொருளை வாங்க வேண்டும் என்பதை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. விலையோ பிராண்டோ பிறகு வரட்டும்.

துணிக் குழாய்

மலிவானது. மெல்லிய அழுத்தமும் சூடும் தரும், கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வை மூளைக்குக் கொஞ்சம் கூட்டும். சில்லைச் சுற்றி நோகிறவர்களுக்கும், முதல் சில நாள் கழிந்து இலேசான வீக்கம் மிஞ்சியிருப்பவர்களுக்கும் இது போதும். முழங்கால் உள்ளே வெளியே அசைவதை இது ஒரு மில்லிமீற்றர்கூடத் தடுக்காது. கடையிலேயே பார்க்கலாம்: குழாயின் இரு ஓரத்தையும் பிடித்துப் பக்கவாட்டில் வளையுங்கள். துணி வளைகிறதா? உங்கள் காலும் அப்படியே வளையும்.

"எஸ், எம், எல்" என்று கண்ணால் பார்த்துக் கொடுப்பதை ஏற்க வேண்டாம். தையல் டேப் ஒன்றைக் கொண்டுபோங்கள். சில தயாரிப்பாளர்கள் சில்லின் நடுவில் சுற்றளவு கேட்கிறார்கள், சிலர் சில்லின் நடுவிலிருந்து 15 செ.மீ. மேலே தொடையில் கேட்கிறார்கள். டைனர் பிராண்டுப் பெட்டியின் அளவை வைத்து எல்.பி. பிராண்டுப் பெட்டியில் தேடினால் அளவு தவறலாம். வீங்கிய காலை அளந்து வாங்கினால் பத்து நாளில் தொளதொளக்கும். அந்தச் சமயத்துக்கு 15 செ.மீ. அகலக் கிறேப் பண்டேஜே நல்லது. 10 செ.மீ. பண்டேஜ் முழங்காலில் கயிறாகச் சுருண்டு வெட்டும். கெண்டைக்காலின் நடுவில் தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடும்படி தொடை நடுவரை சுற்றுங்கள். கால்விரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அவிழ்த்துச் சுற்றுங்கள். இரவில் கழற்றிவிட வேண்டும்.

நியோப்ரின் உறை, சில்லுக்குத் துளை உள்ளது

நியோப்ரின் என்ற தடித்த றப்பர்த் துணி கொழும்புக்கு ஏற்றதே இல்லை. ஆண்டு முழுக்க முப்பது பாகையை ஒட்டிய வெப்பமும் கடல் ஈரமும் உள்ள ஊரில் அதை நாள் முழுக்க மாட்டினால் முழங்காலின் பின்மடிப்பில் வேர்க்குரு போடும், பிறகு தோல் உரியும். பயிற்சி நேரத்துக்கு மட்டும் மாட்டிக் கழற்றுகிறவருக்குச் சரி. சித்தாலேப போன்ற எரிவுத் தைலம் பூசி அதன் மேல் இதை இறுக்கக்கூடாது. காற்றுப் போக வழியில்லாமல் தோல் வெந்து கொப்பளிக்கும். பக்கங்களில் சுருள் கம்பி வைத்த மாதிரியைச் சில கடைகளில் "பிணைச்சல் உள்ளது" என்று காட்டுவார்கள். உறை சுருளாமல் இருக்கத்தான் அந்தக் கம்பி, மூட்டைத் தாங்க அதனால் முடியாது. துளையைச் சுற்றி ரப்பர் வளையம் இருந்தால், சில்லு வெளிப்பக்கம் விலகும் இயல்புள்ளவருக்கு ஓரளவு உதவும்.

சில்லுக்குக் கீழே கட்டும் ஒற்றைப் பட்டி வேறு வேலைக்கு. கரப்பந்து, கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்குச் சில்லுக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே உள்ள தசைநாரில் வரும் நோவுக்கு அது சரி. சில்லின் மேல் கட்டினால் நோவு கூடும். வேறு எந்தக் காயத்துக்கும் அதில் காசு போட வேண்டாம்.

பிணைச்சல் பிரேஸ்

காசுக்கு உண்மையாகப் பெறுமதி தரக்கூடியது, இரு பக்கமும் கம்பியும் மடங்கும் பிணைச்சலும் கொண்ட இதுதான், அதுவும் சரியான காயத்துக்கு. உள்பக்க எம்.சி.எல். பகுதியாகக் கிழிந்தவருக்குப் பக்கவாட்டு அசைவைத் தடுக்கும், அதேநேரம் மடக்கி நீட்ட விடும். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் போதும், எப்போது கழற்றுவது என்று ஃபிசியோ சொல்வார். ஏ.சி.எல். அறுந்தவர் இதை மாட்டினால் நம்பிக்கையாக உணரலாம், ஆனால் ஓடித் திரும்பும் வேகத்தில் கால் நழுவுவதைத் தடுக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. முழங்கால் கதவுபோல ஒரே அச்சில் திறந்து மூடுவதில்லை. உருளும், சறுக்கும், கொஞ்சம் திருகும். தொடையின் தசைக்கு மேல் உட்காரும் பட்டி எலும்பை அப்படிப் பிடிக்க முடியாது.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, பிணைச்சலில் ஒற்றை அச்சா இரட்டை அச்சா: இரண்டு பற்சக்கரம் கடித்து நகரும் இரட்டை அச்சு முழங்காலின் இயல்பான அசைவுக்குக் கிட்ட வரும், பிரேஸ் குறைவாகக் கீழே வழுகும். இரண்டு, கம்பி உள்ள பை முழுதாகத் தைக்கப்பட்டதா, வெல்குரோ மூடியா: வெல்குரோ என்றால் கழற்றித் துவைக்கலாம், தைத்ததென்றால் சில மாதத்தில் நாற்றம் போகாது. மூன்று, கம்பி அலுமினியமா: கையால் மெல்ல வளைத்துக் காலின் வடிவத்துக்குக் கொண்டுவர முடியும். உருக்குக் கம்பி தட்டையாகவே நின்று முழங்காலின் உள்பக்க எலும்பில் உராயும்.

மாட்டும் முறையில்தான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். கதிரை ஓரத்தில் இருந்து காலை முப்பது பாகையளவு மடியுங்கள். பிணைச்சலின் மையம் சில்லின் நடு உயரத்தில், பக்கத்திலிருந்து பார்த்தால் காலின் நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னே இருக்க வேண்டும். முதலில் இறுக்க வேண்டியது முழங்காலுக்குக் கிட்டக் கீழே உள்ள பட்டி; கெண்டைத் தசை தடிக்கும் இடத்துக்கு மேலே அது பிடித்தால்தான் முழுப் பிரேஸும் நழுவாமல் நிற்கும். பிறகு தொடைப் பட்டி, கடைசியாக ஓரப் பட்டிகள். எழுந்து நூறு அடி நடந்து, மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். தொடை மேலே தடித்துக் கீழே ஒடுங்குவதால் எந்தப் பிரேஸும் கொஞ்சம் இறங்கும். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இறங்கினால் அளவு பெரிது. காயத்துக்குப் பின் தொடைத் தசை வேகமாக வற்றும் என்பதால், முதல் நாள் சரியாக இருந்தது மூன்றாம் வாரம் சுழலும். பிரேஸில் குறை தேட முன் தொடையை மறுபடி அளந்து பாருங்கள்.

பாகை எண்கள் அச்சிட்ட வட்டத்தில் முள் குத்திப் பூட்டும் நீண்ட பிரேஸ், தேசிய வைத்தியசாலையைச் சுற்றியுள்ள சர்ஜிக்கல் கடைகளில் கேட்டால் கிடைக்கும் வகை. இதைச் சத்திரசிகிச்சை வைத்தியரின் துண்டு இல்லாமல் வாங்குவதில் அர்த்தமில்லை, ஏனெனில் எந்த வாரம் எத்தனை பாகை என்று அவர்தான் சொல்ல வேண்டும். மெனிஸ்கஸ் தைத்தவரின் எண்ணும் ஏ.சி.எல். மாற்றியவரின் எண்ணும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே எண்ணில் பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். காலை நேராகவே பிடிக்கும் மூன்று துண்டு நீண்ட பட்டி சில நாளுக்கு மட்டும். அதைப் பயத்தில் வாரக்கணக்காகப் போட்டால் முழங்கால் விறைக்கும், தொடை வற்றும். ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி நோகத் தொடங்கினால் இரத்தக்கட்டி இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஊன்றுகோலும் ஐஸும்

ஊன்றுகோலின் மேல்முனைக்கும் கக்கத்துக்கும் இடையே 5 செ.மீ. இடைவெளி வேண்டும், கைப்பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். பாரத்தைக் கையில் கொடுங்கள், கக்கத்தில் தொங்கினால் நரம்பு மரக்கும். கொழும்பில் மழை நாளில் டைல்ஸ் போட்ட வாசல்கள்தான் ஆபத்து: அடி ரப்பரின் வரிப் பள்ளம் தேய்ந்திருந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம், ஊன்றுகோலையே மாற்ற வேண்டியதில்லை. லிப்ட் நின்றுபோன மாடி வீடுகளில் இருப்பவர் இதை மனப்பாடம் செய்யுங்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் நோகிற காலும் முதலில். ஓடத் தொடங்கிய பஸ்ஸின் மிதிபலகைக்கு எந்த விதியும் உதவாது, முச்சக்கர வண்டியில் போங்கள்.

ஜெல் பொதி சாதாரண ஐஸைவிடக் கூடுதலாகக் குளிரும், ஆகவே ஈரத் துணியில் சுற்றாமல் தோலில் வைக்கக்கூடாது. 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கொரு தடவை, முதல் இரண்டு மூன்று நாள். அந்த நாட்களில் எண்ணெய் போட்டு உருவுவதும் உழுக்கெடுப்பதும் வேண்டாம், கசிவு கூடும். நோவு குறைகிறது என்று முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கிறவர்கள் ஏராளம். கால் அந்த வளைவிலேயே பழகி, முழுதாக நீட்ட முடியாமல் போகும். தலையணையைக் குதிக்காலுக்குக் கீழே வையுங்கள்.

பிரேஸ் வாங்கி மிஞ்சிய காசு

இரண்டு மூன்று தடிப்பில் றப்பர் பட்டியும், அரைக் கிலோ, ஒரு கிலோ கணுக்கால் பாரங்களும் பிரேஸைவிட நீண்ட காலம் பயன்படும். தொடக்கம் எளிது: காலை நீட்டி, தொடைத் தசையை இறுக்கி 5 வினாடி பிடித்து விடுவது 10 தடவை, சில்லு மேலே நகர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிறகு நேராக்கிய காலை உயர்த்துவது, சுற்றுக்கு 10 தடவையாக மூன்று சுற்று. உயர்த்தும்போது முழங்கால் தளர்ந்து மடிந்தால் பாரம் கட்ட இன்னும் நேரமாகவில்லை. மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம்.

ஏ.சி.எல். அறுந்தாலே சத்திரசிகிச்சைதான் என்று முடிவு கட்டவும் வேண்டாம். 2010இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், பயிற்சியோடு மட்டும் தொடங்கிய 59 பேரில் இரண்டு ஆண்டுக்குள் 23 பேரே சத்திரசிகிச்சைக்குப் போனார்கள். சத்திரசிகிச்சை செய்தவர்கள் விளையாட்டுக்குத் திரும்புவது பற்றி 2016இல் வந்த நோர்வே ஆய்வு தெளிவானது: 9 மாதம் வரை திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பாடசாலை ரக்பிப் பருவம் தொடங்குகிறது என்று ஆறாம் மாதத்தில் பிரேஸ் ஒன்றை இறுக்கி இறக்கிவிடும் பயிற்சியாளரிடம் இந்த எண்ணைக் காட்டலாம். மாதக் கணக்கோடு, நோகும் காலின் பலமும் ஒற்றைக்கால் தாவலின் தூரமும் மற்றக் காலின் 90 வீதத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது வேறொரு கணக்கு. பெரியவர்களின் எஸ் அளவு 12, 13 வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் தொளதொளக்கும், இறுக்கிக் கட்டினால் ஓரம் வெட்டும். அந்த வயதில் வேகமாக வளர்கிற பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு மேட்டில் நோவென்றால் அது வளர்ச்சிப் பருவத்தில் தசைநார் எலும்பை இழுப்பதால் வருவது. ஓட்டத்தையும் தாவலையும் சில வாரம் குறைத்து, தொடையின் முன்தசையை நீட்டும் பயிற்சி செய்தால் பெரும்பாலும் தணியும். பட்டி கட்டுவதானால் மேட்டின் மேலே கட்டாமல், மேட்டுக்கும் சில்லுக்கும் இடையே கட்டுங்கள். இரவிலும் நோவு, காய்ச்சல், நொண்டல் என்று வந்தால் அது இந்த வகை நோவு அல்ல. பட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.